பாபா வழியும் மாமாவின் ஊன்றுகோலும்

நான் பத்திரிகை அலுவலகத்தில் இருந்த காலம் முழுவதும் ஒரு விடயம் மாறாமல் நடந்து வந்தது. டிசம்பர் மாதப் பௌர்ணமியுடன் சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவம் தொடங்கியதும் ஆசிரியருக்குக் கடிதங்கள் வரத் தொடங்கும். மலையின் பெயர் என்ன, அங்குள்ள பாதம் யாருடையது, மலை யாருக்குரியது என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொருவரும் தமக்கு உவப்பான முறையில் தீர்த்துவைத்திருப்பர். வைகாசிப் பௌர்ணமியுடன் பருவம் முடியும், கடிதங்களும் நின்றுவிடும். அக்கடிதங்களைச் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்புவது பல ஆண்டுகள் என் பொறுப்பாக இருந்தது. எழுதியவர்களில் எத்தனை பேர் அந்த மலையில் ஏறியிருப்பார்கள் என்ற ஐயம் எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

உச்சியைப் பற்றி எழுதுவோர் பலர். நான் இங்கு எழுத விரும்புவது வழியைப் பற்றி. அதிலும் குறிப்பாக, இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து காட்டினூடாக ஏறும் பழைய வழியைப் பற்றி.

நான் பிறந்தது மஸ்கெலியாப் பகுதித் தோட்டமொன்றின் லயத்தில். வாசலில் நின்றால் மலை தெரியும். எங்கள் பக்கத்திலிருந்து ஏறுவோர் நல்லதண்ணியிலிருந்து தொடங்குவர். அம்மா ஆண்டுக்கு ஒருதடவையாவது ஏறிவிடுவார். சிறுவனாக இருந்தபோது மூன்று தடவைகள் அவருடன் நானும் ஏறியிருக்கிறேன். ஏறக்குறைய ஐயாயிரம் படிகள் என்பார்கள், நான் எண்ணியதில்லை. எங்கள் பக்கத்தவர்களுக்கு அது ஊர்க் கோயிலுக்குப் போவதைப் போன்ற காரியம்.

1973ஆம் ஆண்டு என் மாமா, அம்மாவின் தம்பி, இந்தியாவுக்குப் புறப்பட ஆயத்தமானார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அந்த நாடற்றவர்களைக் கணக்கிட்டுப் பிரித்தது: ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது. எங்கள் லயத்தில் அம்மா ஒரு கணக்கிலும் மாமா மறு கணக்கிலும் விழுந்தனர். பயணச்சீட்டு வந்ததும் மாமா செய்த முதற் காரியம் மலை ஏறுவதற்கு மாலை போட்டுக்கொண்டதுதான். ஆனால் அவர் நல்லதண்ணி வழியால் ஏற மறுத்துவிட்டார். ஹட்டனிலிருந்து பஸ் பிடித்து, சுற்றிச் சுற்றி இரத்தினபுரிக்குப் போனார்.

"ஏன்டா தம்பி, வாசல்ல இருக்கிற மலைக்கு ஊரச் சுத்திக்கிட்டுப் போற?" என்று அம்மா கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இந்தப் பக்கம் தொரைமாரு ரயிலு போட்டதுக்கு அப்புறம் வந்த பக்கம்க்கா. அந்தப் பக்கம் ராசாக்க ஏறின பக்கம். போறதுக்கு முன்ன அத ஒருதரம் பாத்துறணும்."

பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத மனிதர் அவர். ஆயினும் அவர் சொன்னதில் வரலாற்றுப் பிழை பெரிதாக இல்லை என்பதைப் பின்னர் நான் படித்து அறிந்தேன். ரயில் பாதை ஹட்டனை அடைந்தது 1884இல். அதற்கு முன்னர் இம்மலைக்கு வந்த மன்னர்களும் யாத்திரிகர்களும் பெரும்பாலும் சபரகமுவப் பக்கத்துக் காடுகளினூடாகவே ஏறினர். ரயிலும் தேயிலைத் தோட்டத்து வீதிகளும் வந்த பின்னர்தான் நல்லதண்ணி வழி இலகுவான வழியாகி, இன்று பெரும்பாலானோர் அறிந்த ஒரே வழியாகவும் ஆகிவிட்டது.

மாமா திரும்பி வந்தபோது அவர் கையில் எடுத்துச் சென்ற ஊன்றுகோல் இல்லை. அது பழைய கோப்பி மரத்தில் வெட்டிய கம்பு. இலைநோய் வந்து கோப்பி அழிந்து, தேயிலை வந்து பல தசாப்தங்கள் ஆன பின்னரும் தோட்டத்து ஓரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோப்பி மரங்கள் நின்றன. அந்தக் கம்பு அவருடைய தாத்தா வைத்திருந்தது என்று சொல்வார்கள். "மேல விட்டுட்டு வந்துட்டேன்" என்றார். அடுத்த மாதம் தலைமன்னாருக்கு ரயில் ஏறினார். மேடையில் நின்ற என்னிடம், "நீ படிச்சவன், கொழும்புல இருக்கப் போறவன். அந்த வழியா ஒருதரம் ஏறிப் பாருடா. என் கம்பு அங்க இருக்கான்னு எழுது" என்றார்.

எழுதுவதற்கு எனக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன.

1978 பெப்ரவரியில் ஏறினேன். 1977 ஆகஸ்ட் கலவரம் நடந்து ஆறு மாதங்களே ஆகியிருந்தன. அம்மா வேண்டாம் என்று அழுதார். எங்கள் நிறுவனத்தின் சிங்களப் பத்திரிகையில் பணியாற்றிய நண்பர் ஒருவர், தமது கிராமத்து யாத்திரைக் குழுவுடன் ஆண்டுதோறும் இரத்தினபுரி வழியால் ஏறுபவர், என்னையும் அழைத்திருந்தார். சிங்கள யாத்திரைக் குழுவை 'நடே' என்பர். அதன் தலைவர் 'நடே குரா'. எங்கள் தலைவர் எழுபதை நெருங்கிய முதியவர். பஸ்ஸில் என்னைப் பார்த்து, இதுதான் முதல் தடவையா என்று கேட்டார். நான் சற்றுப் பெருமையுடன், நல்லதண்ணியிலிருந்து மூன்று தடவைகள் ஏறியிருக்கிறேன் என்றேன். கிழவர் சிரித்தார். அது கணக்கில் இல்லை என்றார். முதல்முறை ஏறுபவர்களைக் 'கோடுகாரயோ' என அழைப்பது அவர்கள் வழக்கம். இருபத்தெட்டு வயதில், மலையடிவாரத்தில் பிறந்த நான், அந்தக் குழுவின் சிறுபிள்ளைகளுடன் சேர்த்துக் கோடுகாரயா ஆக்கப்பட்டேன்.

இரத்தினபுரியிலிருந்து பஸ் கிலிமலையைக் கடந்து செல்லும். ஜன்னலில் பெயர்ப் பலகையைக் கண்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 11ஆம் நூற்றாண்டில் சோழராட்சியை முடித்துப் பொலன்னறுவையில் அரசமைத்த முதலாம் விஜயபாகு மன்னன், கடினமான வழிகளில் களைத்து வரும் யாத்திரிகர்களுக்கு உணவளிப்பதற்காகக் கிலிமலைக் கிராமத்தை மானியமாக விட்டான் என மகாவம்சம் கூறுகிறது. ஏனைய வழிகளில் தங்குமடங்களும் கட்டுவித்தான். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் யாத்திரிகர்களுக்குச் சோறு போடுவதற்கென ஒதுக்கப்பட்ட ஊரில் நாங்கள் இறங்கித் தேநீரும் பணிசும் வாங்கிச் சாப்பிட்டோம்.

அதே மன்னனின் அம்பகமுவக் கல்வெட்டு இன்னொரு செய்தியைத் தருகிறது. இந்த நாட்டின் வரலாற்றைப் படிப்போர் அதனைக் கவனிக்காமல் கடந்து போய்விடுவது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. யாத்திரிகர்களுக்கான அறங்களைப் பட்டியலிடும் அக்கல்வெட்டு, பாதம் இருக்கும் முற்றத்துக்குக் கீழே இன்னொரு முற்றம் அமைக்கப்பட்டதையும் சொல்கிறது. இழிகுலத்தோர் எனக் குறிக்கப்படும் மக்கள் நின்று வணங்குவதற்கான முற்றம் அது. இதனை மன்னனின் பெருந்தன்மை என்று வாசிக்கலாம்; அதுவரை வர முடியாதிருந்தவர்களுக்கு நிற்க ஓரிடம் கிடைத்தது. மலையுச்சியிலும் மேல் கீழ் பார்த்தார்கள் என்றும் வாசிக்கலாம். நான் இரண்டையும் சேர்த்தே வாசிக்கிறேன். இத்தனை படிகளை ஏறி, இறுதிச் சில படிகளின் கீழே நிறுத்தப்பட்ட மனிதனின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனால் அவன் வந்தான் என்பதற்குச் சான்று அந்தக் கீழ் முற்றம்தான். மலை யாருக்குரியது எனக் கடிதம் எழுதியவர்களில் ஒருவர்கூட அந்த முற்றத்தைக் குறிப்பிட்டதை நான் கண்டதில்லை.

பலாபத்தலையில் ஏற்றம் தொடங்குகிறது. இவ்வூர்ப் பெயருக்கு ஒரு கதை சொல்வர். யாத்திரைக்கு வந்த ஏழைப் பெண்ணொருத்தியிடம் அரிசி இல்லை. பறித்த கீரையை மட்டும் பானையிலிட்டு வேகவைத்தாள். திறந்து பார்த்தபோது அது சோறாகியிருந்தது. 'பலா' என்றால் சிங்களத்தில் கீரை, 'பத்' என்றால் சோறு. கிழவர் இக்கதையைச் சொல்லி முடித்ததும், எல்லோரும் கொண்டுவந்த சோற்றுப் பொதிகளை அவிழ்த்தார்கள். அது கதையின் ஒரு பகுதி போலவே இருந்தது.

அதன் பிறகு காடு. நல்லதண்ணி வழியில் முதற் பகுதி தேயிலை நடுவே போகிறது; மேலே வானம் திறந்திருக்கும். இந்தப் பக்கம் அப்படியன்று. பெரு மரங்களின் கீழே, ஈரமான கற்களின் மீது, வேர்களைப் படிகளாகக் கொண்டு ஏறவேண்டும். இரத்தினபுரி கடல் மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இல்லை. உச்சியோ 2243 மீற்றர். தோட்டத்திலிருந்து புறப்படுபவர் பாதி உயரத்தை ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறிவிடுகிறார். இங்கு அந்த உயரம் முழுவதையும் கால்களே கொடுக்க வேண்டும். கீழே வியர்த்துக் கொட்டும் தாழ்நிலக் காடு. ஏற ஏற மரங்கள் குட்டையாகி, கிளைகளில் பாசி தொங்கி, மூடுபனி வந்து இலைகளிலிருந்து துளித்துளியாகச் சொட்டும் காடு. உச்சிக்கு அண்மையில் மஹா ரத்மல் மரங்கள் சிவப்பாகப் பூத்திருந்தன. களனி கங்கையும் களு கங்கையும் இந்த மலைத்தொடரில்தான் பிறக்கின்றன. இதனைச் சுற்றியுள்ள காடு 1940இல் சரணாலயமாக்கப்பட்டது; 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியுள் அடங்கியது. இவ்விரண்டு அறிவிப்புகளும் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, யாத்திரிகர்களின் அச்சமும் பக்தியும் இக்காட்டின் பெரும்பகுதியைக் கோடரியிலிருந்து காத்து வந்தன என்பது என் எண்ணம். எங்கள் பக்கத்தில் கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டது; வெட்டியவர்கள் என் முன்னோர்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை நடந்து வந்து, வழியில் விழுந்தவர்கள் போக எஞ்சியவர்கள். இந்தப் பக்கத்துக் காட்டைக் கண்டபோதுதான் அவர்கள் வெட்டியது எத்தகைய காடு என்பது எனக்கு விளங்கியது.

அட்டைகளைப் பற்றி எழுதாமல் இந்த வழியைப் பற்றி எழுதக்கூடாது. இலைச் சருகில் கால் வைத்ததும் நூல் போல எழுந்து நின்று தேடும். சவர்க்காரத்தைக் காலில் பூசியிருந்தேன். மழைத் தூறலில் அது கரைந்து போயிற்று. கிழவர் தம் மடியிலிருந்து தேசிக்காய் ஒன்றை எடுத்துப் பாதியாக வெட்டி என்னிடம் நீட்டினார். அதனைத் தேய்த்ததும் அட்டைகள் சுருண்டு விழுந்தன.

கொழும்புக்குத் திரும்பிய பின்னர் இபுன் பதூதாவின் பயண நூலை மீண்டும் எடுத்துப் படித்தேன். மொரோக்கோவில் பிறந்த அந்தப் பயணி 1344இல் இலங்கைக்கு வந்து இம்மலையில் ஏறினார். வழியில் மரங்களிலும் புற்களிலும் இருந்து மனிதர் மீது தாவும் அட்டைகளையும், அவற்றின் மீது பிழிவதற்காக மக்கள் எலுமிச்சை வைத்திருப்பதையும், பின்னர் மரக்கத்தியால் அந்த இடத்தைச் சுரண்டுவதையும் அவர் எழுதியிருக்கிறார். மரக்கத்தி மட்டும் எங்களிடம் இருக்கவில்லை. அறுநூற்று முப்பத்து நான்கு ஆண்டுகளில் அட்டையும் மாறவில்லை, தேசிக்காயும் மாறவில்லை.

இபுன் பதூதாவின் பயணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் கரையிறங்கிய பத்தாலா எனும் இடம் புத்தளம் என ஆய்வாளர் கொள்வர். அங்கு அவரை வரவேற்றவன் ஆரியச் சக்கரவர்த்தி, யாழ்ப்பாண அரசின் தமிழ் மன்னன். அவனுக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும் அவன் முன்னே முத்துக்கள் குவிந்திருந்தன என்றும் பயணி எழுதுகிறார். உனக்கு என்ன வேண்டும் எனக் கேட்ட மன்னனிடம், ஆதமின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார் அவர். மன்னன் பல்லக்கும் அதனைச் சுமக்க ஆட்களும் கொடுத்தான். கூடவே, ஆண்டுதோறும் அந்த மலைக்கு யாத்திரை செல்லும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தன் பரிவாரத்தில் பத்துப் பேர், உணவுப் பொருள்களைச் சுமக்கப் பதினைந்து பேர் எனப் பெருங்குழுவொன்றை அனுப்பினான்.

சைவ மன்னன் ஒருவன், இஸ்லாமியப் பயணி ஒருவரை, யோகிகளும் பிராமணரும் வழிகாட்ட, சிங்கள மன்னரின் நாட்டினூடாக, பௌத்தர் போற்றும் பாதத்தைக் காண அனுப்பிவைக்கிறான். யோகிகள் சிவனின் பாதத்துக்குப் போனார்கள். அவர் ஆதமின் பாதத்துக்குப் போனார். போன வழி ஒன்றே. மார்க்கோ போலோ இதற்குச் சில பதின்மங்கள் முன்னரே, முஸ்லிம்கள் இதை ஆதமின் அடக்கத்தலம் என்றும் மற்றையோர் புத்தருடையது என்றும் கூறுவதைப் பதிந்துவிட்டார். மணிமேகலையிலும் இரத்தினத் தீவின் சமந்த மலை வருகிறது. 5ஆம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி பாகியான் மலையுச்சிப் பாதத்தைக் குறிப்பிடுகிறார். சான்றுகள் ஏராளம். எனக்கு அவற்றுள் மிகவும் பிடித்தது, பெயர் தெரியாத அந்த நான்கு யோகிகள்தான். ஆண்டுதோறும் போய் வந்தவர்கள் என்பதால் வழி அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மலைக்கு இரண்டு வழிகள் உண்டு என்கிறார் இபுன் பதூதா. ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி. பாபா ஆதம், மாமா ஹவ்வா. நம் தாய்மாமனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. எங்கள் முஸ்லிம் சகோதரர்கள் இன்றும் இதனைப் பாவாத மலை என்பதில் அந்தப் பாபா ஒலிக்கிறார். மாமா வழி இலகுவானது. திரும்புவோர் அதனால் இறங்குவர். அதனாலேயே ஏறிப் போனவன் யாத்திரை செய்தவனாகக் கருதப்படமாட்டான் என்கிறார். இந்த வரியைப் படித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். பஸ்ஸில் கிழவர் என்னிடம் சொன்னது இதைத்தான்.

வழியில் நீலிஹெல எனும் செங்குத்தான பாறை விளிம்பு வருகிறது. நீலி எனும் பெண் தவறி விழுந்த இடம் என்பர். அங்கு நின்று அவள் பெயரைச் சொல்லி அழைத்தால் பள்ளத்தாக்கிலிருந்து பதில் குரல் வரும். சிறுவர்கள் அழைத்தார்கள்; வந்தது. அதனை அடுத்துச் சீத கங்குல. குளிர்ந்த நீர் என்பதே சிங்களப் பெயரின் பொருள். தமிழர் காதில் அது சீதையின் ஆறாகிவிட்டது. நல்லதண்ணி வழியிலும் இதே பெயரில் ஒரு நீரோடை உண்டு. அம்மா அதில் என் தலையை அமிழ்த்தி எடுத்திருக்கிறார். இங்கு நானே அமிழ்ந்தேன். அந்தக் குளிரில் மொழி வேறுபாடு தோன்ற வாய்ப்பில்லை. எல்லோரும் ஒரே மாதிரித்தான் அலறினோம்.

இருட்டத் தொடங்கியதும் எதிரே இறங்கி வருபவர்கள் ஒவ்வொருவரும் "கருணாவாய்" என்று வாழ்த்திச் சென்றனர். நண்பருடன் நான் பேசியதைக் கேட்டுப் பின்னால் வந்த குழுவில் ஒருவர், இவர் தமிழரா என்று சற்று உரத்த குரலில் கேட்டார். ஆறு மாதங்களுக்கு முந்திய நினைவில் என் முதுகு விறைத்தது. நண்பர் பதில் சொல்வதற்குள் நடே குரா திரும்பிப் பார்க்காமலே, "அவர் கோடுகாரயா" என்றார். கேட்டவர் சிரித்துவிட்டார். எனக்கு முன்னால் போக வழிவிட்டார். அந்தப் பட்டத்தை நான் முதன்முதலாக விரும்பியது அப்போதுதான்.

ஹெரமிட்டிபானைக்கு நள்ளிரவு தாண்டிச் சேர்ந்தோம். இறுதி ஏற்றத்துக்கு முன்னால் உள்ள தங்குமிடம் இது. 'ஹெரமிட்டிய' என்றால் ஊன்றுகோல். இதற்கு மேல் இரண்டு கைகளும் வேண்டும் என்பதால் யாத்திரிகர்கள் ஊன்றுகோல்களை இங்கு விட்டுச் செல்வர்; அதனால் வந்த பெயர் என விளக்கம் கூறினர். மாமா தமது கம்பை எங்கு விட்டார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தகரக் கூரைக் கடையொன்றில் கொத்தமல்லித் தண்ணீர் குடித்தபடி கிழவரிடம் ஆண்டிகளைப் பற்றிக் கேட்டேன். வழியின் மேற்பகுதியில் ஆண்டியாமலத்தென்ன எனும் தட்டு உண்டு. ஆண்டி இறந்த தட்டு என்பது பொருள். சீதாவாக்கையின் முதலாம் இராஜசிங்கன், 1581 முதல் 1593 வரை ஆண்டவன், இம்மலையைச் சைவ ஆண்டிகளின் வசம் ஒப்படைத்தான். தந்தையைக் கொன்ற பாவத்துக்குப் பிக்குகள் பரிகாரம் இல்லை என்றதால் அவன் சைவத்தைத் தழுவினான் என வம்ச நூல் கூறும். அதனை எழுதியோர் பிக்குகள் என்பதை மறக்கலாகாது. போர்த்துக்கேயரை நடுங்கவைத்த மன்னன் என்ற முகமும் அவனுக்கு உண்டு. அது எவ்வாறாயினும், அதன் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மலையின் வருமானம் ஆண்டிகளிடம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதனை மீட்டு, வெலிவிட்ட சரணங்கரரிடம் ஒப்படைத்தான். மீட்டுக் கொடுத்த மன்னனோ மதுரைத் தொடர்புடைய நாயக்கர் வம்சத்தவன். சிங்கள வம்சத்து அரசன் சைவருக்குக் கொடுத்ததைத் தென்னிந்திய வம்சத்து அரசன் பௌத்தருக்குத் திருப்பிக் கொடுத்தான். என் மேசைக்கு வந்த கடிதங்களில் இருபக்கத்தாரும் தமக்கு வேண்டிய பாதியை மட்டும் எழுதுவர்.

கிழவருக்கு இவை எதுவும் புத்தகத்தில் படித்துத் தெரிந்தவை அல்ல. ஆண்டிகள் நல்லவர்களா கெட்டவர்களா என்று கேட்டேன். "மழையில் இங்கே இருந்தவர்கள்" என்றார்.

கம்புகளைத் தேடினேன். கடைக்குப் பின்னால் பத்துப் பதினைந்து கிடந்தன. மூங்கில், காட்டுக் கம்புகள், உடைந்த குடைக்காம்பு ஒன்று. கோப்பிக் கம்பு எதுவும் இல்லை. கடைக்காரரிடம் விசாரித்தேன். மழைக்காலம் முடிந்து கடைபோட வரும்போது கிடப்பவற்றையெல்லாம் காயவைத்து அடுப்புக்கே பாவிப்போம் என்றார் அவர். ஐந்து வருடத்துக்கு முந்தியதா எனக் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, இன்னொரு கோப்பை கொத்தமல்லி ஊற்றித் தந்தார், காசு வாங்கவில்லை.

அங்கிருந்து மேலே மஹாகிரிதம்ப. மலை அங்கு சுவராகிவிடுகிறது. பாறையில் வெட்டிய படிகள், பிடிக்க இரும்புக் கம்பிகள். இபுன் பதூதா பத்துச் சங்கிலிகளை எண்ணினார். பத்தாவதன் பெயர் கலிமாச் சங்கிலி. அங்கு நின்று கீழே பார்ப்பவன் விழுந்துவிடுவோம் என அஞ்சிக் கலிமாச் சொல்லுவான் என்பதால். என் முன்னே ஏறிய பெண்மணி சாது, சாது என்றார். என் வாயில் வந்தது அம்மா சொல்லும் அரோகராதான். முதலில் மெதுவாக, காற்று அடித்தபோது சத்தமாக. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் அடுத்தவர் என்ன சொல்கிறார் எனக் கவனிக்க ஒருவருக்கும் இயலாது.

உச்சியில் விடியலுக்குக் காத்திருந்தோம். சூரியன் எழுந்ததும் மேற்கே பனிமூட்டத்தின் மீது மலையின் நிழல் முக்கோணமாக விழுந்தது. அது பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். ஏறிய தடவைகளுக்கேற்ப மணியடிப்பது வழக்கம். நான் நான்கு தடவை அடிக்கக் கையை ஓங்கினேன். கிழவர் ஒரு விரலைக் காட்டினார். ஒருதடவை அடித்தேன்.

இறங்கியது நல்லதண்ணிப் பக்கம். மாமா வழி. கீழே, 1969இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் மீது நீர் பளபளத்தது. பஸ் நிறுத்தத்தில் அம்மா நின்றார். என் காலில் இரத்தக் கறைகளைப் பார்த்ததும், "அடிச்சுட்டாங்களாடா?" என்று கேட்டார். அட்டை என்றேன். அவர் நம்புவதற்குச் சிறிது நேரம் எடுத்தது.

2012இல் அதே வழியால் மீண்டும் ஏறினேன். எனக்கு வயது அறுபத்திரண்டு. பல இடங்களில் சீமெந்துப் படிகள் வந்துவிட்டன. கிழவரும் என் நண்பரும் காலமாகிவிட்டனர். காடு அப்படியே இருந்தது. இம்முறை யாரும் என்னைக் கோடுகாரயா என்று அழைக்கவில்லை; அது ஒரு குறையாகவே இருந்தது.

1978இல் ஊர் திரும்பிய வாரம் நீலகிரியில் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை பார்த்த மாமாவுக்குக் கடிதம் எழுதினேன். செய்தியை உறுதிப்படுத்தாமல் எழுதக்கூடாது என்பதை அந்நாளில் இளம் நிருபர்களுக்கு நானே கற்பித்து வந்தேன். உறுதிப்படுத்தியதற்கு மாறாகவே எழுதிய ஒரு வரி என் வாழ்வில் உண்டென்றால் அது அந்தக் கடிதத்தில் உள்ளது. உங்கள் கம்பைக் கண்டேன், பத்திரமாக இருக்கிறது என எழுதினேன்.

இரண்டு மாதங்களின் பின் பதில் வந்தது. எழுதத் தெரிந்த யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தார். அங்கும் குளிர்தான், அங்கும் கொழுந்துதான், அங்குள்ளவர்கள் தங்களைச் சிலோன்காரர் என்று அழைக்கிறார்கள் என்று நலம் கூறிய பின், கடைசியில் தம் கையாலேயே கோணல் எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "கம்ப எடுத்துறாத. அது அங்கயே இருக்கட்டும்."